முன்னிருப்பு மதிப்பு: கணிப்பொறியில் ஒரு பாடவேறுபாட்டுச் சிக்கல்

உமறுப் புலவர் அடங்கியிருக்கும் எட்டயபுரத்துக்குத் தமிழ்த்துறையினர் செல்வதற்குக் காரணம் கூற வேண்டுவதில்லை. பாரதி 1882இல் பிறந்த ஊர் அது. முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்த ஊரும் அதுவே. 2012ஆம் ஆண்டின் பிற்பகுதியில் புலவரின் அடக்கவிடத்தைக் காணச் சென்ற நம் மாணாக்கர் அறுவர், அங்கேயே சில நாள் தங்கிச் சீறாப்புராணத்தின் ஒரு பகுதியைக் கணிப்பொறியில் ஏற்ற விழைந்தனர். மூன்று காண்டங்களில் 5027 விருத்தங்களைக் கொண்ட பெருநூல் அது. விலாதத்துக் காண்டத்தின் சில படலங்களையேனும் பிழையின்றித் தட்டச்சிட்டு முடிப்பதென்று வரையறுத்துக்கொண்டோம். கடைத்தெருவில் இருந்த ஒரு கணிப்பொறி நிலையத்தில் நான்கு பொறிகளை நாள் வாடகைக்கு எடுத்தோம். அவற்றில் லினக்ஸ் இயக்கமுறைமையும் க்னோம் என்னும் பணிச்சூழலும் நிறுவப்பட்டிருந்தன. தட்டச்சுக்கு ஜிஎடிட் என்னும் எளிய உரைத்திருத்தியைப் பயன்படுத்தினோம்.

தமிழகத்தின் மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்த காலம் அது. நகரங்களுக்கு வெளியே நாளின் பெரும்பகுதி மின்சாரம் இராது. நிலையத்தின் மின்கலமும் முதுமை எய்தியிருந்தது. ஆகவே, முதல் நாளே நிலையத்தின் உரிமையாளரிடம் இது பற்றிக் கேட்டோம். அவர், "கவலை வேண்டாம் ஐயா! எழுதுவதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே சேமிக்கும்படி எல்லாப் பொறிகளிலும் செய்து வைத்திருக்கிறேன்" என்றார். மாணாக்கரும் அச்சொல்லை நம்பிச் சேமிக்கும் கட்டளையை இடாமலே விருத்தம் விருத்தமாகத் தட்டிச் சென்றனர்.

மூன்றாம் நாள் பிற்பகலில் மின்சாரம் நின்றது; மின்கலமும் உடன் நின்றது. மீண்டும் பொறிகளை இயக்கிப் பார்த்தபோது, ஒரு மாணவி காலை முதல் தட்டச்சிட்ட 43 விருத்தங்களில் ஒன்றுகூட இல்லை. இன்னும் இரு பொறிகளில் இருந்தவையும் அவ்வாறே அழிந்திருந்தன. நான்காம் பொறியில் மட்டும் யாவும் இருந்தன.

உரிமையாளர் திகைத்தார். டீகான்ஃப் எடிட்டர் என்னும் அமைப்புத் திருத்தியைத் திறந்து, ஜிஎடிட்டுக்குரிய பக்கத்தில் தானாகச் சேமித்தல் என்னும் உருப்படியை நமக்குக் காட்டினார். அதன் மதிப்பு 'ஆம்'. முன்னிருப்பு மதிப்பும் 'ஆம்'. "பார்த்தீர்களா? நான் வைத்தது வைத்தபடியே இருக்கிறது, இந்த உரைத்திருத்திதான் சொன்ன சொல் கேட்கவில்லை" என்று ஜிஎடிட்டின்மேல் பழியைப் போட்டார். அப்போது மாணவருள் ஒருவர் முனையத்தைத் திறந்து, ஜிசெட்டிங்ஸ் என்னும் கட்டளையால் அதே வினாவைக் கேட்டார். விடை 'இல்லை' என வந்தது. ஒரே பொறி, ஒரே பயனர், ஒரே உருப்படி; சாளரம் ஆம் என்கிறது, முனையம் இல்லை என்கிறது. இவ்விரண்டனுள் எது மெய்?

முன்னிருப்பு என்பது யாது?

முன்னிருப்பு மதிப்பு என்பது பயனர் எதனையும் தேர்ந்தெடுக்காதவிடத்து நிரல் தானாக மேற்கொள்ளும் மதிப்பு. இவ்விலக்கணம் ஒரே ஒரு முன்னிருப்பு உண்டு என்பதுபோல ஒலிக்கிறது. நடைமுறையில் அதற்குப் படிகள் பல.

க்னோம் பணிச்சூழலின் அடித்தளமாகிய ஜிலிப் நூலகத்தில் 2010இல் ஜிசெட்டிங்ஸ் என்னும் முறை இடம்பெற்றது. 2011இல் வெளிவந்த க்னோம் 3 பழைய ஜிகான்ஃப் முறையைக் கைவிட்டு இதனை மேற்கொண்டது. இம்முறையில் ஒவ்வொரு நிரலின் ஆசிரியரும் தம் நிரலுக்குரிய உருப்படிகளையும், அவற்றின் வகைகளையும், முன்னிருப்பு மதிப்புகளையும் ஸ்கீமா எனப்படும் ஒரு வரைவுக் கோப்பில் எழுதிவைப்பார். இதனை ஆசிரியர் கைப்பட எழுதிய மூல ஓலை எனலாம். ஜிஎடிட்டின் மூல ஓலையில் தானாகச் சேமித்தலின் முன்னிருப்பு 'இல்லை' என்றும், சேமிக்கும் இடைவெளி 10 நிமிடம் என்றும் எழுதப்பட்டிருந்தது. இடைவெளிக்கு ஓர் எண் உண்டு. ஆனால் சேமிப்பு இல்லை. இதனைக் காண்போர் 10 என்ற எண்ணைக் கண்டே சேமிப்பு நடைபெறுகிறது என மயங்குதல் இயல்பு.

இனி, உபுண்டு போன்ற வழங்கல்களை உருவாக்குவோர் மூல ஓலையில் கைவைப்பதில்லை. அருகிலேயே மேலெழுதும் கோப்பு ஒன்றை வைத்து, இன்ன உருப்படிக்கு இன்ன மதிப்பே முன்னிருப்பாகுக என எழுதுவர். க்னோம் 3இன் மூலத்தில் நெடுங்காலம் எழுத்துருவின் முன்னிருப்பு கான்டரெல் 11 என இருந்தது. உபுண்டுவிலோ அவ்வழங்கலின் பெயர் தாங்கிய உபுண்டு எழுத்துருவே முன்னிருப்பாக வந்தது இவ்வழியில்தான். இத்தகைய கோப்புகளின் பெயர்கள் ஈரிலக்க எண்ணோடு தொடங்குதல் மரபு. ஒரே உருப்படியைப் பற்றி இரு கோப்புகள் பேசுமாயின், பெரிய எண்ணுடைய கோப்பின் சொல்லே நிலைக்கும்.

இவ்வளவும் எழுத்துவடிவில் இருப்பவை. நிரல்கள் இவற்றை நேரே படிப்பதில்லை என்பதுதான் கருதற்பாலது. ஜிலிப் கம்பைல் ஸ்கீமாஸ் என்னும் கருவி அக்கோப்புறையில் உள்ள எல்லா வரைவுகளையும் மேலெழுதல்களையும் ஒருங்கே படித்து, ஒரே இருமக் கோப்பாகத் தொகுக்கிறது. நிரல்கள் நாடுவது அந்தத் தொகுப்பையே. ஓலையில் எவ்வளவு திருத்தினும், அச்சுக்கோப்பவர் பழைய பக்கத்தையே அச்சிட்டால் வாசகர் கையில் இருப்பது பழைய பாடம்தானே!

எட்டயபுரத்தில் நிகழ்ந்ததும் இதுவே. உரிமையாளர் மேலெழுதும் கோப்பொன்றைத் தம் கையால் எழுதி உரிய கோப்புறையில் வைத்திருந்தார். எழுதியதில் ஓர் எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் தொகுக்கும் கட்டளையை அவர் இடவில்லை. அப்படியொன்று உண்டென்பதையே அவர் அறிந்திருக்கவில்லை. அவரைக் குறை கூறுவதும் பொருந்தாது. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் ஸ்கீமா உடைய புதிய மென்பொருள் ஒன்றை நிறுவும்போதெல்லாம் தொகுத்தல் தானாகவே நடைபெறும். முன்பொருமுறை அவர் இவ்வாறு ஒரு கோப்பை வைத்தபின் தற்செயலாக வேறொரு மென்பொருளை நிறுவியிருக்க, அது செல்லுபடியாயிற்று. கோப்பை வைத்தாலே போதும் என்று அன்று முதல் கருதிவிட்டார்.

அவ்வாறாயின் அமைப்புத் திருத்தி 'ஆம்' என்று காட்டியது எங்ஙனம்? டீகான்ஃப் எடிட்டரின் தொடக்ககாலப் பதிப்புகள் தொகுப்பைக் கேட்காமல், எழுத்துவடிவக் கோப்புகளைத் தாமே படித்துப் பொருள் கொண்டன. அந்நிலையத்தில் இருந்தது அத்தகைய பதிப்பு. உரிமையாளர் எழுதியதை அது படித்தது, படித்ததைக் காட்டியது. ஜிஎடிட்டோ தொகுப்பைப் படித்தது, அதன்படி சேமியாதிருந்தது. இரண்டும் தத்தம் ஏட்டுக்கு உண்மையாகவே நடந்துகொண்டன. பின்வந்த பதிப்புகள் எழுத்துவடிவக் கோப்புகளைத் தாமே படிக்கும் வழக்கத்தை விட்டு, நூலகத்தின் வாயிலாகத் தொகுப்பையே கேட்கின்றன. எனினும் சிக்கல் அதனோடு தீர்ந்துவிடவில்லை.

ஒரு சொல், இரு வினா

ஜிலிப் நூலகத்தில் முன்னிருப்பு மதிப்பைக் கேட்க இரு வழிகள் உள்ளன. "வரைவின்படி முன்னிருப்பு யாது?" என்பது ஒரு வினா. "பயனரின் தேர்வை இப்போது நீக்கினால் என்ன மதிப்பு வரும்?" என்பது மற்றொரு வினா. இவ்விரண்டுக்கும் விடை பெரும்பாலும் ஒன்றாகவே இருத்தலால், இரண்டும் ஒன்றே என எண்ணுவோர் பலர். வேறுபடும் இடம் எது எனின், நிர்வாகி தமக்கென ஒரு தரவுத்தளம் வைத்திருக்கும் இடம்.

கல்லூரிக் கணிப்பொறிக் கூடங்களில் இது பெரிதும் பயன்படுவது. பயனர் ஒவ்வொருவருடைய தேர்வுகளும் அவரவர் இல்லக் கோப்புறையில் உள்ள டீகான்ஃப் தரவுத்தளத்தில் அமைகின்றன. அதற்குக் கீழே, எல்லாப் பயனருக்கும் பொதுவாக, நிர்வாகி ஒரு தரவுத்தளத்தை அமைக்கலாம். பயனர் எதனையும் தேராதபோது நிர்வாகியின் மதிப்பும், அதுவும் இல்லாதபோது வரைவின் மதிப்பும் வரும். நிர்வாகி விரும்பினால் ஓர் உருப்படியைப் பூட்டியும் வைக்கலாம். பூட்டியபின் பயனர் மாற்ற முனைந்தாலும் மாறாது. நிர்வாகியின் கோப்புகளுக்கும் தொகுத்தல் வேண்டும். அதற்குரிய கட்டளை டீகான்ஃப் அப்டேட் என்பது. இதனை மறப்போரும் உளர்.

தமிழ் பயில்வோர்க்கு நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்று தருவோம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை நம் கூடத்துப் பொறிகளிலெல்லாம் முன்னிருப்பாக வைக்க எண்ணுகிறோம் என்க. உள்ளீட்டு மூலங்கள் என்னும் உருப்படிக்கு, ஆங்கில விசைப்பலகையையும் தமிழ்99ஐயும் நிர்வாகியின் தரவுத்தளத்தில் எழுதித் தொகுக்கிறோம். ஒரு மாணவர் தட்டச்சுப்பொறி முறையைத் தமக்கெனத் தேர்ந்து, பின்னர் பழைய நிலைக்குத் திரும்ப விரும்புகிறார். திருத்தியைத் திறந்தால் முன்னிருப்பு வெறும் பட்டியல் என்றிருக்கிறது. 'முன்னிருப்பைப் பயன்படுத்துக' என்பதை அழுத்தினால் தமிழ் விசைப்பலகையே அற்றுப்போகுமோ என்று அவர் அஞ்சுகிறார். உண்மையில் அழுத்தினால் வருவது நிர்வாகி வைத்த தமிழ்99. திருத்தி முதல் வினாவைக் கேட்டு அதன் விடையைக் காட்டியது; மாணவர் அறிய விரும்பியதோ இரண்டாம் வினாவின் விடை. வரைவில் அப்பட்டியல் வெறுமையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. விசைப்பலகை நாட்டுக்கு நாடு வேறாதலால் ஆசிரியர் எதனையும் விதிக்காமல் விட்டார். பட்டியல் வெறுமையாயின், பணிச்சூழல் தொடங்கும்போது இயக்கமுறைமையில் முன்பே குறிக்கப்பட்ட விசைப்பலகையைக் கொண்டு அதனை நிரப்பிக்கொள்ளும்.

மொழியும் அமர்வும்

முன்னிருப்பு மதிப்பு மொழிக்கு ஏற்ப மாறலாம் என்று கூறினால் நம்புவோர் சிலரே. ஆயினும் அது மெய். வரைவில் ஓர் உருப்படியின் முன்னிருப்பை மொழிபெயர்ப்புக்கு உரியது என ஆசிரியர் குறித்துவைக்க இயலும். ஜிஎடிட்டில் அச்சிடுவதற்குரிய எழுத்துருவின் முன்னிருப்பு அவ்வாறு குறிக்கப்பட்டிருந்தது. எல்லா எழுத்துருக்களும் எல்லா மொழிகளையும் காட்டமாட்டா என்பதால், அந்தந்த மொழிபெயர்ப்பாளர் தம் மொழிக்கு ஏற்றதை அங்கே எழுதட்டும் என்னும் நல்லெண்ணமே காரணம். இதனால் ஆங்கில இடைமுகத்தில் ஒரு முன்னிருப்பும் வேறு மொழி இடைமுகத்தில் மற்றொரு முன்னிருப்பும் காணப்படலாம். இருவர் அருகருகே அமர்ந்து, ஒரே பதிப்பைத் திறந்து, வெவ்வேறு முன்னிருப்புகளைக் கண்டு வாதிடுவது இவ்வாறு நேர்கிறது.

மொழிபெயர்ப்பாளர் இங்கே கவனமாக இருத்தல் வேண்டும். அவர் எழுதுவது மனிதர் படிக்கும் சொற்றொடரன்று. பொறி படிக்கும் மதிப்பு. மேற்கோள் குறி ஒன்றை விட்டுவிட்டாலும் ஜிலிப் நூலகம் அதனை ஏலாது. எச்சரிக்கை ஒன்றை எழுதிவைத்துவிட்டு, மொழிபெயர்க்கப்படாத மதிப்பையே மேற்கொள்ளும். தமிழில் மென்பொருள்களைப் பெயர்க்கும் பணியில் நம் மாணாக்கர் ஈடுபடுவராயின் இதனை நினைவில் கொள்வாராக.

பணிச்சூழலும் இவ்வாறே. மேலெழுதும் கோப்பில் "உபுண்டு அமர்வுக்கு மட்டும் இம்மதிப்பு" என்று எழுத இடமுண்டு. எந்த அமர்வில் இருக்கிறோம் என்பதை ஒரு சூழல் மாறியைக் கொண்டே நூலகம் அறிகிறது. தொலைவிலிருந்து இணைந்தோ, நேரம் குறித்துத் தானாக இயங்கும் பணிகள் வழியாகவோ கேட்டால் அம்மாறி அங்கே இராது. ஆகவே வேறு முன்னிருப்பு வரும்.

இவற்றினும் எளிய காரணங்களும் உண்டு. நிர்வாகி உரிமையோடு திருத்தியைத் திறப்போர் தம் மதிப்புகளைக் காண்பதில்லை. நிர்வாகியின் மதிப்புகளையே காண்கின்றனர். அங்கே எதை மாற்றினும் தம் பணிச்சூழலில் ஒன்றும் நிகழாது. மாணாக்கர் மிகுதியாகச் செய்யும் பிழை இது. அதிக உரிமை இருந்தால் அதிகம் தெரியும் என்னும் எண்ணமே இதற்கு மூலம். பிளாட்பேக் போன்ற மூடிய பெட்டிகளில் நிறுவப்பட்ட திருத்தி தன் பெட்டிக்குள் இருக்கும் வரைவுகளை மட்டும் கண்டு பேசவும் கூடும்.

ஆராயும் முறை

சாளரத்தில் காணும் முன்னிருப்பில் ஐயம் எழுந்தால், முனையத்தில் மூன்று வினாக்களைக் கேட்டல் போதும். (கட்டளைகளை ஆங்கில எழுத்திலேயே தட்டச்சிட வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.) முதலில், ஜிசெட்டிங்ஸ் கெட் என்னும் கட்டளையோடு வரைவின் பெயரையும் உருப்படியின் பெயரையும் தருக. வரும் விடையே அவ்வமர்வில் நிரல்கள் பெறும் மதிப்பு. எட்டயபுரத்தில் நம் மாணவர் கேட்டது இதுவே.

அடுத்து, டீகான்ஃப் ரீட் என்னும் கட்டளையோடு உருப்படியின் முழுப் பாதையைத் தருக. அது ஒன்றும் பேசாது நின்றால், பயனரும் நிர்வாகியும் அவ்வுருப்படியைத் தொடவில்லை; மதிப்பு வரைவிலிருந்தே வருகிறது. ஏதேனும் விடை வந்தால், அதே கட்டளையைச் சிறுகோட்டுடன் டி என்னும் எழுத்தைச் சேர்த்து மீண்டும் இடுக. இப்போது பயனரின் தேர்வை அது பொருட்படுத்தாது; வருவது நிர்வாகி வைத்த மதிப்பு. இப்போது விடை இல்லையெனில், முன்பு கண்டது பயனரே வைத்தது எனத் தெளியலாம்.

மூன்றாவது வினா சற்று நுட்பமானது. ஜிசெட்டிங்ஸ் பேக்எண்ட் என்னும் சூழல் மாறிக்கு மெமரி என்னும் மதிப்பைத் தந்து, முதற்கட்டளையை மீண்டும் இடுக. அப்போது எந்தத் தரவுத்தளமும் நாடப்படாது. தொகுக்கப்பட்ட வரைவின் முன்னிருப்பு, அம்மொழிக்கும் அவ்வமர்வுக்கும் உரியவாறு, தனித்து வந்து நிற்கும். இதனை எழுத்துவடிவக் கோப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பிழை எங்கே என்பது புலனாகும். இரண்டும் வேறுபட்டால், தொகுப்புக் கோப்பின் நாளையும் மேலெழுதும் கோப்பின் நாளையும் நோக்குக. தொகுப்பு பழையதாயின் மீண்டும் தொகுக்க வேண்டியதுதான். தொகுப்பு புதியதாயிருந்தும் வேறுபாடு நீடித்தால், மேலெழுதும் கோப்பில் உருப்படியின் பெயர் தவறாக எழுதப்பட்டிருக்கலாம்; தொகுக்கும் கருவி அவ்வரியை மட்டும் தள்ளிவிட்டு ஓர் எச்சரிக்கையோடு மேற்செல்லும். கருவியை நாமே முனையத்தில் இயக்கினாலன்றி அவ்வெச்சரிக்கை நம் கண்ணில் படுவது அரிது.

முன்னிருப்பு 'இல்லை' என்றிருக்க, பயனர் தம் கையாலும் 'இல்லை' என்றே தேர்ந்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் நாளை முன்னிருப்பு மாறினால், தேராதவருக்கு மாறும்; தேர்ந்தவருக்கு மாறாது. திருத்தியில் முன்னிருப்பைப் பயன்படுத்துதல் என்பதற்குத் தனியே ஒரு பொத்தான் வைத்திருப்பது இதனால்தான். அதனை வேண்டாத அணி எனக் கருதுவோர் உண்டு, நாமும் கருதியிருந்தோம்.

எட்டயபுரத்தில் அன்று மாலை மின்சாரம் வந்ததும் உரிமையாளர் தொகுக்கும் கட்டளையை நான்கு பொறிகளிலும் இட்டார். முனையமும் 'ஆம்' என்றது. சோதித்துப் பார்க்க ஓர் உரையைத் தட்டச்சிட்டு, பத்து நிமிடம் காத்திருந்து, மின்னிணைப்பை நாமே பிடுங்கினோம், உரை அழியாதிருந்தது. 43 விருத்தங்களையும் அம்மாணவி அன்றிரவே மீண்டும் தட்டச்சிட்டு முடித்தார். முதற்படியில் தாம் விட்டிருந்த றகர ரகர மயக்கங்கள் சில இரண்டாம் படியில் நீங்கின என்று அவரே கூறினார்.

நான்காம் பொறி மட்டும் தப்பியது எவ்வாறு என்பதையும் பின்னர் அறிந்தோம். அதில் அமர்ந்திருந்த மாணவர் உரிமையாளரின் சொல்லை நம்பவில்லை. முதல் நாளே ஜிஎடிட்டின் விருப்பங்கள் பக்கத்தைத் திறந்து, தானாகச் சேமித்தல் என்பதற்கு எதிரே இருந்த வெற்றுக் கட்டத்தில் தம் கையால் ஒரு குறியிட்டிருந்தார்.